ஊசி இறங்கிய ஆழம்

மலைச்சாலை தொடங்கும் இடத்தில், கல் உடைக்கும் ஆலைக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவில் ஒரு சோதனைக்கூடம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் எங்கே தார்ச்சாலை போட்டாலும் அதற்கான தாரில் கொஞ்சம் முதலில் டப்பாவில் அங்கே வரும். சாலைக்கு அது ஆகுமா ஆகாதா என்று அங்கே சொல்வார்கள்.

சொல்கிறவர் மெஹருன்னிசா. நாற்பது வயது இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சில சமயம் அதையும் சொல்லமாட்டார். சாலை போடும் பொறியாளர்கள் பலர் அவரிடம் வேலை கற்றவர்கள்.

ஒரு நாள் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் அவரைவிட மூத்தவராக இருந்தார். பெயர் தேவஇரக்கம். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். படிக்க ஆள் சேராமல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

"எதுக்கு சார் உங்களுக்குத் தார்?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

"சொல்லிக்கொடுத்தே பழகிட்டேன் மேடம். எதையாவது கத்துக்கிட்டு ரொம்ப நாளாச்சு."

மெஹருன்னிசா அவரைச் சேர்த்துக்கொண்டார். கடைசிவரை அவரை 'சார்' என்றே கூப்பிட்டார். தேவஇரக்கமும் கடைசிவரை 'மேடம்' என்றே கூப்பிட்டார்.

வந்த கொஞ்ச நாளிலேயே தேவஇரக்கம் ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், தார் திடமா, திரவமா? ஒரு புத்தகத்துல அப்படி இருக்கு, இன்னொண்ணுல இப்படி இருக்கு."

மெஹருன்னிசா கெட்டி ரகத் தார்க்கட்டி ஒன்றை எடுத்துக் கல்மேடைமேல் வைத்தார். சுத்தியலை தேவஇரக்கத்தின் கையில் கொடுத்தார்.

"ஓங்கி அடிங்க."

அடித்தார். கட்டி கண்ணாடிபோலச் சிதறியது.

"திடம்தான்," என்றார் தேவஇரக்கம்.

மெஹருன்னிசா சிதறியதில் பெரிய துண்டை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, வெயில் படும் ஜன்னலோரம் வைத்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. தேவஇரக்கமும் மறந்துவிட்டார். இன்னொரு நாள் தற்செயலாகப் பார்த்தபோது துண்டைக் காணவில்லை. கிண்ணத்தின் வடிவத்தில் தார் மட்டமாகப் படிந்து பளபளத்தது.

"மேடம், இது வழிஞ்சிருக்கு. அப்ப திரவமா?"

"சுத்தியலால கேட்டா திடம்னு சொல்லும். காத்திருந்து கேட்டா திரவம்னு சொல்லும். நீங்க கேக்குற வேகத்துக்கு அது பதில் சொல்லுது."

தேவஇரக்கம் அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனைகளை ஒவ்வொன்றாகக் கற்றார். உருக்கிய தாரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்து, அளவான சூட்டில் தண்ணீருக்குள் வைத்திருந்து, அதன்மேல் எடை கட்டிய ஓர் ஊசியை ஐந்து நொடி இறங்கவிடுவது முதல் சோதனை. ஊசி எவ்வளவு ஆழம் போகிறதோ, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு ஒன்றாக, அதுதான் எண். அதிகம் போனால் தார் இளகியது. வெயிலில் சாலை குழையும். குறைவாகப் போனால் இறுகியது. சாலை வெடித்துப் பெயரும்.

வளையத்தில் ஊற்றிய தாரின்மேல் ஓர் எஃகுக் குண்டை வைத்துச் சூடேற்றி, எப்போது அது தாரோடு கீழே இறங்குகிறது என்று பார்ப்பது இன்னொன்று.

தேவஇரக்கத்துக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. தாரில் ஒரு சிறு கட்டி வார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அதன் இரு முனைகளையும் இயந்திரத்தில் மாட்டுவார்கள். இயந்திரம் மெல்ல இழுக்கும். தார் நூலாக நீளும். தலைமுடி அளவு மெலியும். அப்போதும் அறாது. தேவஇரக்கம் தொட்டியின்மேல் குனிந்து நின்றால் பக்கத்தில் யார் வந்தாலும் தெரியாது.

"இவ்வளவு மெலிஞ்ச பிறகும் இது எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு?" என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டார்.

மெஹருன்னிசா அதைக் கேட்டுச் சிரித்தார்.

மலைமேல் மேல்கரை என்றொரு ஊர் இருந்தது. அதுவரை அந்த ஊருக்குப் பாறையும் பள்ளமுமான பாதைதான். நோயாளிகளை ஜீப்பில் படுக்கவைத்து இருபுறமும் ஆள் பிடித்துக்கொண்டு இறக்குவார்கள். இறங்கும் வழியிலேயே பிறந்த பிள்ளைகள் அந்த ஊரில் உண்டு. இப்போதுதான் முதல்முறையாகத் தார்ச்சாலை மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாதித்தூரம் போட்டாகிவிட்டது. மழைக்கு முன்னால் மீதியை முடிக்க வேண்டும்.

அடிவாரத்தில் தாரைக் காய்ச்சி ஜல்லியோடு கலந்து அனுப்பும் ஆலை இருந்தது. அந்த ஆலையைப் பார்த்துக்கொண்டவர் சுடலைமுத்து.

மெஹருன்னிசா வெளியூர் போயிருந்தபோது அந்த ஆலையிலிருந்து தார் டப்பாக்கள் வந்தன. தேவஇரக்கம் தனியாகத் தொடங்கி முடித்த முதல் சோதனை அதுதான்.

ஊசி இருபத்தொன்பதில் நின்றது. நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது.

அதே கிண்ணத்தில் வேறு இடத்தில் ஊசியை இறக்கினார். அதே எண். எஃகுக் குண்டு, விழ வேண்டிய சூட்டைத் தாண்டியும் விழாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது சோதனையில் தார் நூலாகவே ஆகவில்லை. கொஞ்சம் நீண்டு பட்டென்று முறிந்தது.

சாலைக்குப் பொறுப்பான பொறியாளர் இளங்குமரன் போனில் கூப்பிட்டார்.

"என்ன சார், ஆகுமா?"

"ஆகாது. தார் கருகியிருக்கு. ஆலையில அளவுக்கு மேல காய்ச்சியிருக்காங்க."



"உறுதியா சொல்றீங்களா சார்? ஏன்னா, போட்ட சாலையும் இதே தார்தான். அதையும் சுரண்டி எடுக்கணும். எடுத்தா மழைக்கு முன்னால திரும்பப் போட முடியாது. மேல்கரைக்காரங்க இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும்."

"மூணு சோதனையும் ஒரே பதில்தான் சொல்லுது."

"சரி சார்."

வேலை நின்றது. சாலையைச் சுரண்டும் இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார்கள். ஆலை முதலாளி சுடலைமுத்துவை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் காலையில் சுடலைமுத்து சோதனைக்கூடத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தேவஇரக்கம் நினைத்தார். ஆனால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"சார், அந்த ஊசி எறங்குதத நான் ஒரு தடவ பாக்கலாமா?"

தேவஇரக்கம் கிண்ணத்தை எடுத்துவைத்து, ஊசியைத் தார் முகத்தில் தொடவைத்து, விசையை அழுத்திக் காட்டினார். ஊசி இறங்கி நின்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"எவ்வளவு எறங்கணும்?"

தேவஇரக்கம் விரலால் காட்டினார்.

"எள்ளளவுதான சார் வித்தியாசம்."

"ஆமா. அந்த எள்ளளவுலதான் சாலை நிக்கிறதும் பெயர்றதும்."

சுடலைமுத்து ஊசியையே பார்த்தார்.

"நான் பக்கத்துலயேதான் சார் நின்னேன். சூடு காட்டுற மீட்டரும் சரியாத்தான் காட்டுச்சு."

"மீட்டர் தப்பாக் காட்டியிருக்கலாம்."

"இருக்கும்," என்றார் சுடலைமுத்து. கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்குக் காலையில லாரிக்காரர் ஒருத்தர்கூடப் பேசிக்கிட்டு நின்னேன். அப்ப சூடு ஏறியிருக்குமோ என்னமோ."

அந்த மனிதர் தன் தவறைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது தேவஇரக்கத்துக்கு ஒருவகையில் நிம்மதியாக இருந்தது.

சுடலைமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க அக்காவ மேல்கரையிலதான் சார் கட்டிக்குடுத்திருக்கு. ரோடு வருதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருந்தா. அவகிட்டப் போயி என்னன்னு சொல்ல?"

அவர் போன பிறகு மெஹருன்னிசா ஊரிலிருந்து திரும்பினார். தேவஇரக்கம் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று சோதனைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மெஹருன்னிசா முழுவதும் கேட்டார்.

"டப்பா எத்தனை வந்துச்சு சார்?"

"ரெண்டு. ஒண்ணைத்தான் உடைச்சேன். இன்னொண்ணு முத்திரையோட இருக்கு."

"மூணு சோதனைக்கும் ஒரே டப்பாவா?"

"ஆமா. ஒரே தடவை உருக்கி மூணுக்கும் ஊத்தினேன்."

"இன்னொண்ணை எடுத்துட்டு வாங்க."

தேவஇரக்கம் நகரவில்லை.

"மேடம், சுடலைமுத்துவே இங்க வந்து ஒத்துக்கிட்டாரு."

"எதைப் பாத்து ஒத்துக்கிட்டாரு?"

"ஊசியை."

"ம்," என்றார் மெஹருன்னிசா.

தேவஇரக்கம் டப்பாவை எடுத்துவந்தார். மெஹருன்னிசா முத்திரையை உடைத்தார். சூடாக்கிய கத்தியால் உள்ளிருந்த தாரைச் சரிபாதியாக அறுத்து, இரண்டு பாத்திரங்களில் போட்டார். ஒன்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மற்றதை தேவஇரக்கத்தின் பக்கம் தள்ளினார்.

"அன்னைக்கு என்னென்ன செஞ்சீங்களோ அதை அப்படியே செய்யுங்க. எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

தேவஇரக்கம் தன் பாத்திரத்தை மின் அடுப்பின்மேல் வைத்தார். சூட்டைத் திருப்பினார். பக்கத்தில் இன்னோர் அடுப்பில் மெஹருன்னிசா தன்னுடையதை வைத்து, வெப்பமானியால் கலக்கத் தொடங்கினார்.

"பிறகு?"

"உருகட்டும்னு காத்திருந்தேன்."

"எங்க நின்னு?"

தேவஇரக்கத்துக்கு அந்தக் கேள்வி வினோதமாக இருந்தது. யோசித்துப் பார்த்தார்.

"அங்க, தொட்டிக்கிட்ட. வேற ஒரு சாலைக்கு நீங்க வார்த்து வச்சிட்டுப் போன தார் நூலா நீண்டுக்கிட்டிருந்துச்சு. ரப்பர் கலந்த புது ரகம். அதுவரைக்கும் அப்படி நீண்டு நான் பாத்ததில்லை."

மெஹருன்னிசா தன் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார். தொட்டியருகே போய், அதே ரகத்தில் வார்த்து வைத்திருந்த ஒரு கட்டியை மாட்டி, இயந்திரத்தை ஓட்டிவிட்டுத் திரும்பினார்.

"போய்ப் பாருங்க."

தேவஇரக்கம் போனார். தார் நீளத் தொடங்கியது. முதலில் விரல் தடிமன். பிறகு கயிறு. பிறகு நூல். இன்றும் அது அழகாகத்தான் இருந்தது. தண்ணீருக்குள் அது மினுங்குவதை, நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் போவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஏன் அறவில்லை என்ற கேள்வி மறுபடியும் அவருக்குள் எழுந்தது.

அப்போது மூக்கில் வாசனை ஏறியது. திரும்பினார். அவருடைய பாத்திரத்திலிருந்து நீலப் புகை எழுந்துகொண்டிருந்தது.

ஓரடி எடுத்துவைத்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் திரும்பி வந்தீங்களா?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

தேவஇரக்கம் நின்றார்.

"இல்ல."

"எப்ப வந்தீங்க?"

"நூல் அறுந்த பிறகு. புகையைப் பாத்தேன், தார் உருகினா வர்றதுதான்னு நினைச்சேன்."

"அப்ப அங்கயே நில்லுங்க."

நின்றார். முதுகுக்குப் பின்னால் தார் காய்ந்துகொண்டிருந்தது. புகை கூடம் முழுதும் பரவிக் கண்ணைக் கரித்தது. நூல் நீண்டது. அறுவதாக இல்லை. இவ்வளவு நேரமா அன்று நின்றோம் என்று அவருக்கு நம்ப முடியவில்லை. அறுந்து தொலையக் கூடாதா என்று அந்த நூலைப் பார்த்து முதல்முறையாக நினைத்தார்.

ஒருவழியாக அது அறுந்தது. தேவஇரக்கம் போய்ப் பாத்திரத்தை இறக்கினார். தார் எண்ணெய்போல ஓடியது. கிண்ணத்தில் ஊற்றினார்.

"அன்னைக்கும் இப்படித்தான் அழகா ஊத்துச்சு," என்றார் தாழ்ந்த குரலில்.

மெஹருன்னிசாவும் தன் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் வைத்து, இளஞ்சூட்டில் கலக்கிக்கொண்டே உருக்கி, உருகியதும் ஊற்றினார். இரண்டு கிண்ணங்களும் ஆற வேண்டும். பிறகு தண்ணீரில் இருக்க வேண்டும். மெஹருன்னிசா சாப்பிட்டுவிட்டு வந்தார். தேவஇரக்கம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. இரண்டு கிண்ணங்களையும் மாறிமாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒரே கறுப்பு. ஒரே பளபளப்பு.

"என்ன வரும் மேடம்?"

"ஊசி சொல்லட்டும்."

தேவஇரக்கத்தின் கிண்ணத்தில் ஊசி முப்பதில் நின்றது.

மெஹருன்னிசாவின் கிண்ணத்தில் ஐம்பத்தெட்டு.

மெஹருன்னிசா இரண்டையும் அவர் முன்னால் நகர்த்திவைத்தார்.

"ஒரே டப்பா சார். இதுல சுடலைமுத்து போட்ட சூடு எது, நாம போட்ட சூடு எது?"

தேவஇரக்கம் கல்மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே கல் உடைக்கும் ஆலையின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதை எப்படி மேடம் சொல்றது?" என்றார்.

"நடந்தது நடந்தபடி."

"என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?"

"யாரு எடுக்கணும்?"

"நீங்கதான்."

"நாளைக்கு மூணு டப்பா உருக்கணும். நீங்க வரலைன்னா நான்தான் உருக்கணும்," என்று சொல்லிவிட்டு மெஹருன்னிசா அடுப்பைத் துடைக்கப் போனார்.

தேவஇரக்கம் இளங்குமரனுக்குப் போன் செய்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். இளங்குமரன் கோபப்படவில்லை. களைத்த குரலில் பேசினார்.

"சார், சுடலைமுத்துவே முதலாளிகிட்டப் போய், தப்பு என் பேர்லதான்னு சொல்லிட்டாரு. எனக்கும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாரு. இப்ப நீங்க மாத்திச் சொன்னா, யாரோ உங்களைச் சரிக்கட்டிட்டாங்கன்னுதான் மேலதிகாரிங்க நினைப்பாங்க. சுரண்டுற இயந்திரம் அடிவாரத்துக்கு வந்தாச்சு."

மறுநாள் விடிந்ததும் தேவஇரக்கம் பஸ் பிடித்து சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போனார். சுடலைமுத்து வாசலில் வந்து, "வாங்க சார்" என்று நாற்காலி போட்டார். தேவஇரக்கம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். டப்பாவை அடுப்பில் வைத்தது, நூலைப் பார்க்கப் போனது, புகை, இரண்டு கிண்ணங்கள். ஒன்றையும் விடவில்லை.

சுடலைமுத்து பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்ல சார். நானும் ராத்திரி பூரா நெனச்சுப் பாத்தேன். புகை வந்துச்சு. லாரிக்காரர்கூடப் பேசிக்கிட்டு இருக்கும்போது பின்னால புகை வந்துச்சு. இப்ப நல்லா ஞாபகம் வருது."

"அது என் புகை சுடலைமுத்து."

"சார்?"

"அங்க புகையே வரல. என் அடுப்புலதான் வந்துச்சு. உங்க தார் நல்ல தார்."

"நான் பொழப்பத்து நிக்கேன்னு பாவப்பட்டுச் சொல்லுதீங்க."

"இல்ல."

"புகை வந்த மாதிரிதான் சார் இருக்கு," என்றார் சுடலைமுத்து. அவர் கண்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. இல்லாத ஒரு புகையை அவர் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ வருடம் எத்தனையோ பேருக்குப் புரியவைத்தவர் தேவஇரக்கம். இந்த ஒருவருக்கு, 'நீ தப்புச் செய்யவில்லை' என்பதைப் புரியவைக்க முடியவில்லை.

"என்கூட வாங்க," என்றார். "சாலையையே கேப்போம்."

சோதனைக்கூடத்துக்குத் திரும்பி மெஹருன்னிசாவிடம் சொன்னார். "சாலையிலேருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதுலேருந்து தாரைப் பிரிச்சுப் பாக்கணும். நீங்களும் வாங்க மேடம்."

"ஊத்தினது நீங்க. நீங்களே போய்ட்டு வாங்க."

மலைமேல் புதுச்சாலை கறுப்பாகக் கிடந்தது. சுரண்டும் இயந்திரம் ஒரு லாரியின்மேல் காத்திருந்தது. மேல்கரைக்காரர்கள் சிலர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. தங்கள் சாலையை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தெரிந்து, கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தவர்கள்போல இருந்தார்கள். சுடலைமுத்து அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

தேவஇரக்கம் இளங்குமரனிடம் சொன்னார்: "நான் சொல்றதை நம்ப வேண்டாம். நீங்க இடத்தைக் காட்டுங்க. அங்க வெட்டுறேன். முடியுற வரைக்கும் கூடவே இருங்க."



"அந்தத் துண்டு என்ன சொல்லுதோ அதைத்தான் மேல சொல்லுவேன் சார். உங்களுக்குப் பாதகமா வந்தாலும்."

"அப்படியே சொல்லுங்க."

இளங்குமரன் காட்டிய இடத்தில் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். குழியில் புதுக்கலவை போட்டு, மட்டமாக இடித்து மூடினார்கள். துண்டோடு மூவரும் சோதனைக்கூடத்துக்கு வந்தார்கள்.

அது பொறுமையான வேலை. துண்டை உடைத்துக் கரைப்பானில் ஊறவைத்து, ஜல்லியை வடித்து, கரைந்த தாரிலிருந்து கரைப்பானை மட்டும் மெல்ல ஆவியாக்க வேண்டும். சூடு கூடினால் தார் இறுகும். குறைந்தால் கரைப்பான் தங்கித் தாரை இளக்கிக் காட்டும். இரண்டில் எது நேர்ந்தாலும் பதில் பொய். தேவஇரக்கம் குடுவையைவிட்டு நகரவில்லை. தொட்டியில் அன்று எந்தத் தார் நீண்டது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மெஹருன்னிசா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

கிண்ணம் தயாரானதும் தேவஇரக்கம் இளங்குமரனிடம் சொன்னார்:

"சூடான ஜல்லியில கலந்து சாலையில படுத்த பிறகு எந்தத் தாரும் கொஞ்சம் இறுகும். ஆலையிலயே கருகின தார்னா ஊசி இருபதைத் தாண்டாது. நல்ல தார்னா நாப்பது பக்கத்துல நிக்கும். முன்னாலயே சொல்லிடுறேன், பிறகு மாத்த மாட்டேன்."

பிறகு சுடலைமுத்துவைப் பார்த்தார். "விசையை நீங்க அழுத்துங்க."

"நானா சார்?"

"நீங்கதான்."

சுடலைமுத்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். ஊசி இறங்கியது.

"படிங்க."

சுடலைமுத்து குனிந்து, அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

இளங்குமரனும் குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. "சாலை நல்லாருக்கு சார். ஆமா. சோதனைக்கூடத்துல நடந்த தப்பு. அவங்களே கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. ஆமா சார், இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிடலாம்."

சாலை மழைக்கு முன்னால் மேல்கரை போய்ச் சேர்ந்தது. கடைசி வளைவில் வேலை நடக்கும்போதே தூறல் விழுந்துவிட்டது என்றும், தார்ப்பாய் பிடித்துக்கொண்டு முடித்தார்கள் என்றும் தேவஇரக்கம் கேள்விப்பட்டார். ஆலை முதலாளி சுடலைமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். சுடலைமுத்து போனார். ஆனால் முன்போல இல்லை. ஒவ்வொரு நாளும் தார் காய்ச்சும்போது சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தார்.

மழைக்காலம் ஓய்ந்த ஒரு பிற்பகலில் அப்படி ஒரு போனைப் பேசிவிட்டு தேவஇரக்கம் வைத்தார்.

"சுடலைமுத்துவா?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

"ஆமா. மீட்டர் சரியாக் காட்டுதாம். புகையும் இல்லையாம். இருந்தாலும் சரியான்னு என்கிட்டக் கேக்கிறாரு." தேவஇரக்கம் ஊசியைத் துணியால் துடைத்தார். "முன்னால யாரையும் கேக்க மாட்டாராம். இது எப்ப மேடம் சரியாகும்?"

மெஹருன்னிசா கிண்ணங்களைத் தண்ணீரில் இறக்கத் தொடங்கினார். அவருக்கும் அது தெரியாது என்பது தேவஇரக்கத்துக்குப் புரிந்தது.

"இன்னொண்ணு ரொம்ப நாளாக் கேக்கணும்னு நினைச்சிருந்தேன்."

"கேளுங்க சார்."

"அன்னைக்கு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, இல்லையா? தப்பு ஆலையில இல்ல, என்கிட்டத்தான்னு."

"தெரியாது."

"தெரியாமலா ரெண்டாவது டப்பாவை எடுக்கச் சொன்னீங்க?"

"ஆலையில கருகியிருந்தா என் கிண்ணத்துலயும் ஊசி முப்பதுலயே நின்னிருக்கும். நிக்கும்னுதான் பாதி நினைச்சேன்."

தேவஇரக்கம் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்ப எதுக்கு மேடம் அதைத் திறந்தீங்க?"

"எனக்குத் தெரியல சார், அதனால திறந்தேன்," என்றார் மெஹருன்னிசா. "உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனால திறக்கல."